வலப்பக்கத் தளம்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆவுளியாவை இன்று காலை கரையேற்றினோம். உப்பளத்தை ஒட்டிய சிலுவைமுத்துவின் ஃபைபர் களத்தில், இரண்டு வள்ளங்களுக்கு நடுவே, பாயும் பாய்மரமும் இல்லாமல் நிற்கிறது. தண்ணீரில் அழகாக இருக்கும் படகு கரையில் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு அசட்டுத்தனமாக நிற்கும் என்று ஒவ்வொரு தடவையும் மறந்துவிடுகிறேன்.

இருபத்தாறு அடி. என்னைவிட ஏழு வயது இளையது. பதினொரு வருடத்துக்கு முன்னால் நானும் வத்சலாவும் சேர்ந்து வாங்கினோம், ஆளுக்குப் பாதி. ஒரே கல்லூரியில் நான் வேதியியல் பாடம் எடுக்கிறேன், அவள் விலங்கியல் எடுத்தாள். ஒரே வாடகை வீடு. கடல்பசுவை இங்கே ஆவுளியா என்பார்கள். படகும் அதே வேகத்தில்தான் போகும் என்று அவள் வைத்த பெயர். மே மாதம் அவளுக்குக் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். நாற்பத்தாறு வயதில் செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனிதர் என்கிறாள்.

கோவாவில் ஒருவர் படகை வாங்கிக்கொள்கிறார். மேலே நடக்கிற தளத்தைச் சரிசெய்து கொடுத்தால் மட்டும். அக்டோபர் 12 நேரில் வந்து பார்ப்பார்.

சிலுவைமுத்து ஏறி, அணியத்தில் குதிகாலை ஊன்றிப் பார்த்தார். அணியம் என்றால் படகின் முன்பக்கம்.

"டீச்சர், இது படகா, பூரியா? அமுக்குனா உள்ள போவுது."

பத்து நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். நானே செய்துகொள்கிறேன், வார இறுதிகளில் வருவேன், கூட நின்று சொல்லிக்கொடுத்தால் போதும் என்றேன். எபாக்சிப் பசையின் கலவை விகிதத்தில் அவர் அலட்சியம் காட்டக்கூடியவர். அதனால்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வத்சலா: "நீதான் அங்க இருக்க. பாத்து முடிச்சிடு ஜெனோ." முடித்துவிடுகிறேன் என்று பதில் போட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

தட்டிப் பார்க்கும் நாள்.

இந்தத் தளம் கிரீம் பிஸ்கட் மாதிரி. மேலே ஒரு ஃபைபர் தகடு, கீழே ஒன்று, நடுவில் பால்சா என்ற எடையில்லாத மரம், சின்னச் சின்னச் சதுரங்களாக. மூன்றும் ஒட்டியிருக்கும்வரை மேலே யானை நிற்கலாம். நடுவில் தண்ணீர் புகுந்தால் மரம் அழுகும், தகடு மட்டும் மிஞ்சும், கால் அமுங்கும்.

சுத்தியலின் கைப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்ட வேண்டும். நல்ல இடம் 'டக்' என்று சொல்லும். அழுகின இடம் 'பொத்' என்னும். பொத் என்ற இடங்களைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டேன். அணியத்தின் இடப்பக்கத்தில், ஒரு கட்டில் அளவுக்கு வந்தது. வலப்பக்கம் முழுக்க டக்.

தட்டும்போது ஒரு கை நோட்டில் குறிக்க வேண்டும். இரண்டு பேர் செய்கிற வேலை. சுத்தியலைக் கீழே வைப்பதும் பென்சிலை எடுப்பதுமாக மதியம் ஆகிவிட்டது.

செப்டம்பர் 6, சனி

வெட்டினேன். கட்டிங் மிஷினின் பிளேடு மேல்தகட்டைத் தாண்டிக் கீழே போகக்கூடாது என்பதற்காக, சிலுவைமுத்து அதில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கட்டிக்கொடுத்தார். முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை. அப்படியும் ஃபைபர் தூள் கழுத்தில் இறங்கி இப்போது எழுதும்போதும் அரிக்கிறது.

தகட்டைக் கடப்பாரையால் நெம்பினோம். உள்ளே மரம் இல்லை. கறுப்பாகக் கூழ். வாளி வாளியாக அள்ளினோம். ஊறவைத்து மறந்துபோன உளுந்தின் வாடை.

தண்ணீர் எப்படிப் போனது என்று தகட்டைத் திருப்பிப் பார்த்தபோது தெரிந்தது. முப்பத்தாறு ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் திரி மாதிரி மெழுகு.

பனிமய மாதா திருவிழாவுக்கு வருடா வருடம் ஆவுளியாவில் கொடி கட்டுவோம். மாதா மேல் என்னைவிட வத்சலாவுக்குத்தான் பக்தி. நாகர்கோவில் பிள்ளைமார் வீட்டுப் பெண். கொடிக்கம்பத்தின் அடித்தட்டை நான்கு திருகாணி போட்டு முடுக்குவோம். திருவிழா முடிந்ததும் கழற்றி, சப்பரத்துக்கு முன்னால் ஏந்திய மெழுகுவர்த்தியின் மிச்சத்தை உருக்கி ஓட்டையில் விட்டு, மேலே பெயின்ட். மறுவருடம் பழைய ஓட்டையில் பிடிமானம் இருக்காது. பக்கத்தில் புதிதாகத் துளைப்போம். கொரோனா இரண்டு வருடம் போக, ஒன்பது வருடம். துளைத்தது அவள். மெழுகுவர்த்தியைச் சாய்த்தது நான்.

"மெழுக வச்சா அடைச்சிய?" சிலுவைமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். "தூத்துக்குடி வெயிலுல மெழுகு நிக்குமா? காலேஜ்ல நீங்க என்னத்தத்தான் பாடம் எடுக்குதிய?"

"வேதியியல்."

"நல்லவேள, சமையல் இல்ல."

படம் எடுத்து அனுப்பினேன். வத்சலா குரல் பதிவு போட்டிருந்தாள். முதல் இருபது நொடி வெறும் சிரிப்பு. பிறகு, "ஐயோ ஜெனோ, நாமளே ஓட்ட போட்டு நாமளே தண்ணி ஊத்தியிருக்கோம்டீ." களத்தில் இரைச்சல், சரியாகக் கேட்கவில்லை. அதனால் வீட்டுக்கு வந்து இன்னும் மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

கேஸ் பதிவு செய்தேன். இரண்டாமாண்டு விடைத்தாள்கள் நாற்பது திருத்தினேன். ஒரு சிலிண்டர் இப்போதெல்லாம் நான்கு மாதம் வருகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

குழி முழுக்கச் சுரண்டி, கழுவி, காய வைத்திருக்கிறேன். தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு பல்பு, ஒரு மேசை விசிறி. அவள் அறையில் இருந்த விசிறி. எடுத்துக்கொண்டு போகவில்லை, நான் எடுத்துக்கொண்டேன்.

ஈரம் கொஞ்சமும் இருக்கக்கூடாது. தினமும் மாலை போய்த் தொட்டுப் பார்க்கிறேன். தினமும் போக வேண்டியதில்லைதான்.

செப்டம்பர் 20, சனி

புதிய பால்சாவைப் பதித்தேன். எபாக்சியைப் பொடி சேர்த்துத் தோசைமாவுப் பதத்தில் குழைத்து, கீழ்த்தகட்டில் தடவி, அதன்மேல் மரத்தை அழுத்தி, மணல் மூட்டைகளை அடுக்க வேண்டும். கலவை அரை மணி நேரம்தான் தாங்கும். அதுவும் அகலமான தட்டில் பரப்பி வைத்தால். குவளையிலேயே விட்டால் தன் சூட்டிலேயே கொதித்துவிடும்.

மூன்றாவது குவளை புகைந்தது. பிளாஸ்டிக் உருகிக் கையுறையில் ஒட்டிக்கொண்டது. சிலுவைமுத்து ஓடி வந்து அதைத் தட்டிவிட்டார்.

"போனப் பாத்துக்கிட்டே எவளாவது இதக் கலக்குவாளா? வெரலு போயிருக்கும் டீச்சர்!"

வெயில் அதிகம், அதனால்தான் சீக்கிரம் இறுகிவிட்டது என்றேன்.

போனில் வந்த செய்தி: "இவருக்கு ஒரு வாரம் லீவு. மூணாறு போறோம். சிக்னல் இருக்காது."

செப்டம்பர் 28, ஞாயிறு

இடப்பக்கம் முடிந்தது. பழைய மேல்தகட்டையே திரும்ப ஒட்டி, அதன்மேல் ஃபைபர் துணி மூன்று அடுக்கு, மேலே புட்டி, தேய்ப்பு. பழைய ஓட்டைகள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கி எபாக்சியால் அடைத்தாயிற்று. தட்டிப் பார்த்தேன். டக், டக், டக். சிலுவைமுத்து அதன்மேல் குதித்துக் காட்டினார். தொண்ணூறு கிலோ இருப்பார்.

"முடிஞ்சுது டீச்சர். பெயின்ட் அடிச்சா அடுத்த ஞாயித்துக்கெழம எறக்கிரலாம். கோவாக்காரன வரச்சொல்லுங்க."

வத்சலாவுக்கு எழுதினேன். பதில்: "சூப்பர். சொல்லிடறேன்." பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

அக்டோபர் 1, புதன்

செய்தி ஏதுமில்லை. இனி கேட்க என்ன இருக்கிறது, தளம்தான் முடிந்துவிட்டதே. கல்லூரியில் ஆயுத பூஜை, பொரி கொடுத்தார்கள். இரண்டு பொட்டலம் வாங்கி வந்துவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. களத்தில் யாருமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வலப்பக்கத்தையும் இன்னொரு தடவை தட்டினேன். ஓரத்தில் ஓரிடத்தில் ஒலி கொஞ்சம் மாறின மாதிரி இருந்தது. வாங்குகிறவருக்குத் துரோகம் செய்யக்கூடாது. சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டினேன்.

மூன்றடிக்கு இரண்டடி. படம் அனுப்பினேன்: "வலப்பக்கமும் சந்தேகம். இன்னும் நாள் ஆகும்."

பத்து நிமிடத்தில் அவளே அழைத்தாள். முப்பத்தெட்டு நிமிடம் பேசினோம். படகைப் பற்றி ஐந்து நிமிடம் இருக்கும். மூணாற்றில் அட்டை கடித்ததை, கோயம்புத்தூர் தண்ணீரில் முடி கொட்டுவதை, மாமியாருக்கு மீன் வாடை ஆகாது என்பதை எல்லாம் சொன்னாள். நான் பொரியைத் தின்றுகொண்டே கேட்டேன்.

அக்டோபர் 4, சனி

சிலுவைமுத்து வந்து வலப்பக்கக் குழியைப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கு. ஏன் வெட்டுனிய?"

"ஓரத்தில் ஈரம் இருந்தது."

"எங்க?"

விரலால் காட்டினேன். அவர் குனிந்து ஒரு துண்டைப் பெயர்த்தார். பிரட்டின் உட்பகுதி போல வெளுப்பாக இருந்தது. இரண்டாக ஒடித்து, ஒன்றை நாக்கில் வைத்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

"எச்சிலயே உறிஞ்சுது பாருங்க. அம்புட்டு காஞ்சு கெடக்கு."

நான் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் இறங்கிப் போய் இரண்டு டீ வாங்கி வந்தார். குடித்து முடிக்கும்வரை தன் மருமகனின் வலை கிழிந்த கதையைச் சொன்னார். தளத்தைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

கோவாக்காரரால் இருபத்தாறாம் தேதிதான் வர முடியுமாம். வத்சலா சொன்னாள். அவசரமில்லை.

அக்டோபர் 11, சனி

முன்னெச்சரிக்கையாக இன்னும் இரண்டடி வெட்டினேன். படம். அழைப்பு. இருபத்திரண்டு நிமிடம்.

அக்டோபர் 17, வெள்ளி

மூன்றாம் பாடவேளையில், வகுப்பில் இருந்தபோது மழை தொடங்கியது. பருவமழை என்றால் இந்த ஊரில் நான்கு தூறல் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. ஒரு மணி நேரம் கொட்டியது. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் கரும்பலகையில் பாதிச் சமன்பாட்டோடு நின்றேன்.

விட்டதும் ஆட்டோ பிடித்துப் போனேன். தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. முடிச்சுப் போட்டது நான்தான். வலப்பக்கக் குழியில் ஒரு விரற்கடைத் தண்ணீர். கோப்பையால் இறைத்தேன். சுற்றியிருந்த மரத்தின் ஓரம் பழுப்பேறி இருந்தது.

வத்சலாவுக்குப் படம் அனுப்பினேன், ஒன்றும் எழுதாமல். அவள் பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

தீபாவளி நெருக்கத்தில் களம் மூடியிருந்தது. வேலியைத் தாண்டிப் போய்த் தட்டினேன்.

பொத்.

வெட்டின ஓரத்திலிருந்து ஒரு முழம் வரை பொத். இந்தத் தடவை சந்தேகமே இல்லை.

அக்டோபர் 25, சனி

கோவாக்காரர் வேறு படகு பார்த்துவிட்டாராம். ஒற்றை வரிச் செய்தி. வருத்தம்தான். வரும் வழியில் முந்திரி மக்ரூன் கால் கிலோ வாங்கினேன்.

நவம்பர் 3, திங்கள்

பதிவுத் தபாலில் ஒரு உறை வந்தது. கோயம்புத்தூர் முத்திரை. உள்ளே முத்திரைத்தாள்: ஆவுளியாவில் தன் பாதியை முழுச் சம்மதத்தோடு எனக்கே எழுதிக்கொடுத்திருக்கிறாள். இரண்டு சாட்சிகள், ஒருவர் அவள் கணவர். நேர்த்தியான கையெழுத்து அவருக்கு.

ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. "இனி இதுல நாம ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ண ஒண்ணுமில்ல. நீயே வெச்சுக்கோ. வத்சலா."

வத்சு என்று போடவில்லை. முழுப்பெயர்.

படகு இப்போது முழுக்க என்னுடையது.

நவம்பர் 6, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மூன்று வாரம் கழித்துக் களத்துக்குப் போனேன். வலப்பக்கத்தின்மேல் இரண்டு தகரம் போட்டு, கயிறு கட்டி, கல் வைத்திருந்தது. என் முடிச்சு இல்லை.

"விக்கலியாமே?" என்றார் சிலுவைமுத்து.

"உங்களுக்கு யார் சொன்னது?"

"வத்சலா டீச்சருதான். போன வாரம் போன் பண்ணுனாவ. மழ ரொம்ப உள்ள போயிருச்சான்னு கேட்டாவ. போயிருச்சுன்னேன். ஒங்க கையில வெரலு பத்தும் இருக்கான்னும் கேட்டாவ. எண்ணிப் பாக்கலன்னு சொன்னேன்."

எனக்கு அழைக்கவில்லை. அவருக்கு அழைத்திருக்கிறாள்.

நனைந்ததை எல்லாம் வெட்டி எடுத்தேன். இந்தத் தடவை கோடு போட்டு, கோட்டோடு நிறுத்தினேன். சிலுவைமுத்து பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொடுத்தார். அவர் எழுத்து எனக்குப் புரியவில்லை, படித்தும் காட்டினார்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று நான் அழைத்தேன். பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"வத்சு, வலப்பக்கம் ஈரமா இல்ல. நல்லா இருந்தத நான்தான் வெட்டினேன்."

அங்கே குக்கர் ஒரு விசில் விட்டது.

"தெரியும்."

"எப்படி?"

"நீ அனுப்பின போட்டோல மரம் வெள்ளையா இருந்துச்சு. மொதல்ல அனுப்பினது கறுப்புக் கூழ். நான் ஜுவாலஜி படிச்சவ, ஜெனோ. குருடி இல்ல."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ குழிய மூடியிருப்ப," என்றாள். "கோவாக்காரர் பன்னெண்டாம் தேதியே வர்றதாத்தான் இருந்தாரு. வேல முடியலன்னு சொல்லி இருபத்தாறுக்குத் தள்ளினது நான்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்புறம் எதுக்கு எழுதிக் குடுத்து அனுப்பின?"

"மழைத் தண்ணி நிக்கிற போட்டோ வந்துச்சு இல்ல. நல்ல மரம்டீ அது. முப்பது வருஷத்துக்கு மேல கெட்டுப் போகாம இருந்த மரம். நம்ம ரெண்டு பேருக்கும் நேராப் பேசத் தைரியம் இல்லாததுக்கு அது ஊறிக் கெடக்குது. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல."

"எனக்கு நீ..." என்று ஆரம்பித்தேன். முடிக்கத் தெரியவில்லை. பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தவளிடம் சொல்லாத வாக்கியம், தொலைபேசியில் எப்படி வரும்.

"தெரியும்," என்றாள் மறுபடியும். இந்தத் தடவை மெதுவாக. "ஆனா நான் வந்துட்டேன் ஜெனோ. இங்க இருக்கேன். இருக்கணும்னுதான் வந்தேன்."

"சரி."

"பேசணும்னா போன் பண்ணு. அதுக்குப் படக ஒடைக்காத."

"நீயும் பண்ணுவியா?"

இரண்டாவது விசில். "இவரு வந்துட்டாரு, வைக்கட்டுமா?"

வைத்துவிட்டாள்.

வலப்பக்கம் ஈரமாக இல்லை. அக்டோபர் 2ஆம் தேதி ஒலி மாறவில்லை. இதை இங்கேயும் எழுதிவிட வேண்டும்.

நவம்பர் 30, ஞாயிறு

அழைப்பு இல்லை. நானும் அழைக்கவில்லை. மழை விட்ட நான்கு நாளில் மரம் காய்ந்தது. புதிய துண்டுகளைப் பதித்தேன். குவளை புகையவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

பெயின்ட். வழுக்காமல் இருக்க மணல் தூவி இரண்டு பூச்சு. எது பழைய தளம், எது புதியது, எதை வீணாக வெட்டினேன் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சிலுவைமுத்து முட்டி போட்டுத் தேடினார். "எனக்கே தெரியல டீச்சர்," என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

டிசம்பர் 28, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு ஆவுளியாவை இறக்கினோம். சிலுவைமுத்து கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

"ஒத்தையாவா?"

"ஒத்தையாத்தான்."

"லைஃப் ஜாக்கெட்ட நல்லா முடுக்கிக் கெட்டுங்க. அந்தம்மா எங்கிட்டத்தான் கேப்பாவ."

முயல்தீவுப் பக்கம்வரை போய்வந்தேன். வாடைக்காற்று சீராக இருந்தது. ஆவுளியாவில் எப்போதும் ஒருவர் பின்னால் சுக்கானைப் பிடிப்போம், ஒருவர் அணியத்தில் நிற்போம். முன்பாயை இழுப்பது, கயிறு சிக்கினால் விடுவிப்பது, ஆழம் பார்ப்பது, நங்கூரம் போடுவது எல்லாம் அணியத்து ஆளின் வேலை. பதினொரு வருடம் நான் சுக்கானை விட்டு எழுந்ததே இல்லை.

இன்று சுக்கானை ஒரு கயிற்றால் கட்டிவிட்டு முன்னால் போனேன். கட்டின சுக்கான் ஒரு நிமிடம்தான் சொன்னபடி கேட்கும். பிறகு படகு காற்றுக்குத் திரும்பிவிடும். அதற்குள் முன்பாயை அவிழ்த்துவிட்டுத் திரும்பி ஓடி வர வேண்டும். பாய் சிக்கியது. மறுபடி ஓடினேன். திருப்பும்போது கயிறு கொக்கியில் மாட்டியது. மறுபடி. பதினாறு அடி, போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம், வெறுங்காலோடு. மூச்சு இரைத்தது. ஒரு தடவை படகு முழுச்சுற்றுச் சுற்றி, தூரத்தில் வள்ளத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் என்னவோ கத்தினார். நல்லவேளை, கேட்கவில்லை.

நங்கூரம் போட முன்னால் ஓடினது ஆறாவது தடவை. அப்போதுதான் கவனித்தேன், தளம் அமுங்குமோ என்று நான் கீழே பார்க்கவே இல்லை.

நங்கூரம் பிடித்ததும் அணியத்திலேயே உட்கார்ந்தேன். இங்கிருந்து பார்த்தால் சுக்கான் இவ்வளவு தள்ளி இருக்கும் என்று இதுவரை எனக்குத் தெரியாது. கொண்டுபோன இட்லியில் நான்கையும் நானே சாப்பிட்டேன். அவளை அழைக்கலாம் என்று போனை எடுத்தேன். சிக்னல் இருந்தது. இரண்டு கோடு.

"வத்சு, எறக்கிட்டேன்," என்றேன்.

"யாரு கூட?"

"யாரும் இல்ல."

அவள் பதில் சொல்வதற்குள் காற்று மாறியது. நங்கூரக் கயிறு முறுகிற சத்தம் கேட்டது. "வைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.